நிலத்தின் மரபு எப்போது விதியாக வேண்டும்?

தென்கரை எழுதியது:

வணக்கம். மொரீசியஸில் தமிழ் பேசியபடி மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசிப் பாத்திர ஆட்டம் ஆடுகிற குழுக்கள் சில இங்கே வாசிப்பதால், எங்கள் மேசையில் எழுந்த ஒரு வினாவைச் சற்று விரிவாகவே முன்வைக்கிறேன்.

நாங்கள் இப்போது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில் ஆடுகிறோம். எங்கள் கதைமாந்தர் தெற்கிலுள்ள கலிம்ஷானிலிருந்து புறப்பட்டு, கொர்மிர் நாட்டின் தலைநகரான சுசைலின் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். கொர்மிரைப் பற்றி அறிந்தவர்களுக்கு அந்நாட்டின் இரண்டு சட்டங்கள் நினைவிருக்கும். ஊருக்குள் வாளைக் கொண்டுசெல்வதானால் பிடியையும் உறையையும் சேர்த்துக் கயிற்றால் முடிந்திருக்க வேண்டும். ஆயுதம் தாங்கிய சாகசக் குழுவாகத் திரிவதானால் அரச பட்டயம் பெற்றிருக்க வேண்டும். வாசலில் நின்ற காவலன் வாளின் முடிச்சைப் பார்க்கக் கை நீட்டியபோது, ஆட்டக்காரர் ஒருவர், "என் பாத்திரத்துக்கு இந்தச் சட்டம் முன்பே தெரிந்திருக்குமா, அல்லது பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டுமா?" என்று கேட்டார். மேசையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொன்னோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலத்தைப் பற்றிய கதை, அந்த நிலத்தில் நிற்கும் பாத்திரத்தின் முடிவை மாற்றுமானால் அது விதியாக எழுதப்பட வேண்டும். மாற்றாதென்றால் அது, கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற நடத்துநரின் வருணனையாகவே இருக்கலாம். சுசைலின் கூரைகள் என்ன நிறம் என்பது வருணனை. வாளை உருவுவதற்கு முன் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது விதி, ஏனெனில் சண்டை மூண்டால் முதல் சுற்றில் ஒரு செயல் அதற்கே போய்விடும். அந்த ஒரு செயலுக்காகவே எங்கள் மேசையில் ஒருவர் வாளை விட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் காவலர்களிடம் பேசிப் பார்ப்பதே மேல் என்று தீர்மானித்தார். ஒரு நாட்டின் இயல்பை இரண்டு பக்க வரலாற்றை வாசித்துக் காட்டி உணர்த்துவதைவிட, ஒரு முடிச்சால் உணர்த்திவிட முடிகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


இருபதுமுகம் எழுதியது:

தென்கரை, முடிச்சு எடுத்துக்காட்டு சிறப்பானது. ஆயினும் இந்த வழியில் வெகுதூரம் போவதை நான் எதிர்க்கிறேன். இதே உலகத்திற்கு 2001 இல், மூன்றாம் பதிப்பின் காலத்தில், வந்த பெரிய விதிநூலை வைத்து நீண்ட காலம் ஆடியவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த நூலில் ஒவ்வொரு பிராந்தியத்திற்கும் உரிய சிறப்புத்திறன்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்பதைப் பொறுத்து உனக்கு எந்தத் திறன் திறந்திருக்கும் என்பது தீர்மானமாகும், தொடக்கத்தில் கையில் இருக்கும் பொருள்களும் அதைப் பொறுத்தே மாறும். நோக்கம் நல்லது. மேசையில் நடந்தது வேறு. ஆட்டக்காரர் முதலில் தமக்கு வேண்டிய திறனைப் பார்ப்பார், பிறகு அந்தத் திறன் எந்த நாட்டில் கிடைக்கிறதோ அந்த நாட்டில் தாம் பிறந்ததாக எழுதிக்கொள்வார். அந்த நாட்டைப் பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். சிவப்பு மந்திரவாதிகள் ஆளும் தேய் நாட்டில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு பாத்திரம், அடிமைச் சந்தையைக் கண்டபோது அப்படி ஒன்றை முதன்முறை பார்ப்பவரைப் போலத் திகைத்து நின்றது. தேயில் பிறந்த எவருக்கும் அது அன்றாடக் காட்சி.

விதி என்று எழுதிவிட்டால் அதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது, விலை வந்தால் ஆட்டக்காரர் அதைப் பண்டமாகத்தான் பார்ப்பார். ஆகவே நில மரபை நடத்துநரின் வாயிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.


பவளத்திட்டு எழுதியது:

இருபதுமுகம் சொல்வது திறன்களுக்குப் பொருந்தும். அறிவுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் தீவின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் விரிகுடாவில் நடந்த கடற்போரைப் பள்ளியில் படித்திருப்போம். பிரிட்டிஷ் தரப்பில் நான்கு போர்க்கப்பல்கள். விரிகுடாவின் உள்ளே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்க அவை நுழைந்தபோது, பவளத்திட்டுகளுக்கும் மணல்மேடுகளுக்கும் இடையே வழி எது என்று தெரியாமல், சிரியஸ், மஜிசியேன் ஆகிய இரண்டும் தரைதட்டி நின்றன. அசைக்க முடியாத நிலையில் அவற்றின் மாலுமிகளே அவற்றுக்குத் தீவைத்தார்கள். மற்ற இரண்டும் சரணடைந்தன. பாரிஸின் வெற்றி வளைவில் நெப்போலியன் காலக் கடற்படை வெற்றியாகப் பொறிக்கப்பட்டிருப்பது இந்த ஒன்றுதான்.

இதை ஆட்டமாக நினைத்துப் பாருங்கள். அந்தக் கப்பல்களின் தலைவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். கடலோடும் கலையில் அவர்களுக்கு எத்தனை புள்ளி வேண்டுமானாலும் கொடுக்கலாம். மேபூர் கரையில் வலைவீசுகிற ஒரு மீனவரின் பாத்திரத்தாளில், அதாவது அவர் திறன்களையும் புள்ளிகளையும் குறித்த தாளில், அவற்றில் பாதிகூட இருக்காது. ஆனால் அந்த விரிகுடாவில் எங்கே நீரின் நிறம் மாறுகிறது, எந்த நேரத்தில் எந்த வாயில் வழியே படகு உள்ளே வரலாம் என்பது மீனவருக்குத் தெரியும். அவர் அதற்குப் பகடை உருட்டத் தேவையில்லை. அதே மீனவரை வடக்கே கிராண்ட் பே பக்கம் கொண்டுபோய்விட்டால் அவரும் அயலவர்தான், உருட்டத்தான் வேண்டும்.

எங்கள் மேசை விதி இதுவே. ஒவ்வொரு பாத்திரமும் தான் வாழ்ந்த இடம் ஒன்றைப் பெயரிட வேண்டும். அந்த இடத்து வழக்கங்கள், வழிகள், சட்டங்கள், அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் நடத்துநர் பகடையின்றி விடை சொல்வார். "நாடு" என்று பெரிதாகப் பெயரிடக் கூடாது. ஓர் ஊர், ஒரு துறைமுகம், ஒரு பள்ளத்தாக்கு என்று சிறிதாக இருக்க வேண்டும். இடம் சிறிதாக இருக்கும்போது அதைப் பண்டமாக விலைபேச எவருக்கும் தோன்றுவதில்லை. நம் தீவில் இந்த ஊர் என்று சொன்னாலே அது உயரத்திலா, கடலோரமா, கரும்புக்காட்டு நடுவிலா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? கற்பனை உலகத்திலும் அந்த நெருக்கம் வர வேண்டும்.


தென்கரை எழுதியது:

பவளத்திட்டின் விதியை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு சொல்லை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "பிறந்த இடம்" என்று அல்ல, "வாழ்ந்த இடம்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமானது அதுதான்.

இந்த வகை ஆட்டங்களில் நெடுங்காலம் ஒரு பாத்திரத்தின் இனமே அவர் யார் என்பதைத் தீர்மானித்தது. குள்ளர் என்றால் கல்வேலை தெரியும், எல்ஃப் என்றால் வில் தெரியும். அந்தக் குள்ளர் துறைமுகத்தில் மீன் விற்று வளர்ந்தவராக இருந்தாலும் அவருக்குக் கல்வேலை தெரிந்துவிடும். 2024 ஆம் ஆண்டின் விதிநூலில், வலிமை, அறிவு போன்ற பண்புப் புள்ளிகள் கூடுவதை இனத்திலிருந்து எடுத்து, பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கைப் பின்னணியோடு சேர்த்துவிட்டார்கள். சரியான திருத்தம் என்பதே என் எண்ணம்.

ஆனால் இதை அவர்களுக்கு வெகு முன்பே செய்துகாட்டியது 1992 இல் வந்த அல்-காதிம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் முதன்மை நிலப்பரப்பான ஃபெரூனுக்குத் தெற்கே ஸகாரா என்ற நிலப்பரப்பு அதன் களம். அங்கே மனிதர், எல்ஃப், குள்ளர், ஆர்க் எல்லோரும் ஒரே நகரங்களில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரே விருந்தோம்பல் வழக்கத்தோடு வாழ்கிறார்கள். வேறுபாடு நகரத்தாருக்கும் பாலைவனத்தாருக்கும் இடையிலேதான். ஒரே கூடாரத்தில் வளர்ந்த ஆர்க்கும் மனிதரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். உப்புப் பிணைப்பு என்று ஒரு மரபையும் அந்த நூல் வைத்திருந்தது. ஒருவர் வீட்டில் உப்பைப் பகிர்ந்து உண்டுவிட்டால், விருந்தினரைக் காப்பது வீட்டாரின் கடமை, வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது விருந்தினரின் கடமை. அந்தப் பிணைப்பு தெரியாத வெளிநாட்டவர் தட்டை மறுத்துவிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது ஆட்டம் முழுவதற்கும் அந்தத் தட்டு ஒன்றே போதும்.

நம் முன்னோர் இந்தத் தீவுக்கு வந்த கதையும் இந்த விதியின் பக்கமே நிற்கிறது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கைவினைஞர்களாக வந்தவர்கள் உண்டு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி, இன்று ஆப்ரவாசி காட் என்று காக்கப்படும் துறைமுகப் படிகளில் இறங்கியவர்கள் உண்டு. இரு வழி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அறிந்திருப்பது இந்த நிலத்தின் காற்றையும் கடலையும்தான். பிறப்பை மட்டும் எழுதி வாழ்ந்ததை விட்டுவிடும் பாத்திரத்தாளில் நம்மில் எவரையும் எழுத முடியாது.


சலாசிக்காரி எழுதியது:

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் குழு பிரெஞ்சிலும் கிரியோலிலும் ஆடுகிறது. தமிழை நான் பெரியவளான பிறகு வகுப்பில் சேர்ந்து படித்தேன். ஆகவே என் தமிழ் சற்றுப் புத்தகத் தமிழாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நில மரபை உண்மைத் தகவல் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். பாதி மரபு அப்படி இருப்பதில்லை. இங்கே கிரான் மேர் கால் என்ற கிழவியைச் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்துவார்கள். ஒரு வீட்டில் அவள் கொடுமைக்கார எசமானி, அடுத்த வீட்டில் அவள் தப்பியோடிய அடிமைப் பெண், இன்னொரு வீட்டில் எரிமலையில் குடியிருக்கும் சூனியக்காரி. மணி என்ன என்று அவளிடம் கேட்டுக்கொண்டே ஓடிப்பிடிக்கும் விளையாட்டும் உண்டு. எந்தக் கதை சரி என்று இங்கே எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

அதனால் எங்கள் மேசையில் உள்ளூர் அறிவை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். கையால் செய்து அறிந்தது முதல் வகை: எந்தப் பாதை மழையில் சரியும், எந்தக் காய் கசக்கும், எந்தக் காவலன் கையூட்டு வாங்குவான். அது உண்மையாகவே இருக்கும், பகடையும் வேண்டாம். பவளத்திட்டின் மீனவர் இந்த வகை. காதால் கேட்டு அறிந்தது இரண்டாம் வகை: மலையில் என்ன இருக்கிறது, அந்த அரசன் ஏன் இறந்தான், கல் ஏன் அழுகிறது. இதை நடத்துநர் சொல்லும்போது "உன் ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்றே தொடங்க வேண்டும். வேறு ஊர்ப் பாத்திரம் ஒன்று மேசையில் இருந்தால், அவருக்கு அதே செய்தியின் வேறு வடிவத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பாத்திரங்களும் தங்களுக்குள் வாதாடிக்கொள்ளட்டும். விடையைத் தேடிப் போவதுதான் ஆட்டம்.

உங்கள் பீட்டர் போத் மலையின் பால்காரர் கதையை வைத்து நாங்கள் ஒரு முறை ஆடியிருக்கிறோம். மலையில் உறங்கிப்போன பால்காரர் இரவில் விழித்துத் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிடுகிறார், வெளியே சொன்னால் கல்லாவாய் என்று அவை எச்சரிக்கின்றன, அவரோ சொல்லிவிடுகிறார், அதனால்தான் உச்சியில் அந்த உருண்டைப் பாறை மனிதத் தலைபோல நிற்கிறது என்பார்கள். ஆட்டத்தில் நாங்கள் அமைத்த விதி எளிமையானது. அந்த மலையில் பார்த்ததை மலைக்கு வெளியே யாரிடமாவது சொன்னால், சொல்லும் ஒவ்வொரு முறையும் உடலில் ஓரிடம் கல்லாகும். இதை ஆட்டக்காரரிடம் விதியாக முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊர்க்கதையாக மட்டும் சொன்னோம். கேட்டவர் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டு, நகரத்துக்கு வந்து வாயைத் திறந்தார். விரல்நுனி மரத்துப்போயிற்று என்று நடத்துநர் சொன்ன கணத்தில் மேசையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அதன் பிறகு ஊரில் யார் எந்தக் கதையைச் சொன்னாலும் எங்கள் பாத்திரங்கள் கவனமாகக் கேட்டன.


இருபதுமுகம் எழுதியது:

சலாசிக்காரி சொன்ன பிரிவினை என் ஐயத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. கேள்வியறிவுக்கு விலை வைக்க முடியாது, ஏனெனில் அது மெய்யா பொய்யா என்றே வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே பண்டமாகும் அச்சம் அங்கே இல்லை.

இன்னொன்றும் சேர்க்கிறேன். நல்ல பிராந்திய விதி எது என்று எண்ணும்போது எனக்கு முதலில் தோன்றுவது 1991 இல் வந்த டார்க் சன். அதாஸ் என்ற வறண்ட உலகம். உலோகம் அரிது, ஆகவே வாள் எலும்பாலோ எரிமலைக் கண்ணாடியாலோ ஆனது. ஒவ்வொரு நாளும் குடிநீருக்குக் கணக்கு வைக்க வேண்டும். மந்திரம் போட்டால் அதற்கான ஆற்றல் சுற்றியுள்ள செடிகொடிகளிலிருந்து வரும். விரைவாக உறிஞ்சினால் மண் சாம்பலாகும், பொறுமையாக எடுத்தால் நிலம் பிழைக்கும். எதுவும் எவருக்கும் கூடுதல் புள்ளி தருவதில்லை. எல்லா விதிகளும் அங்கே நிற்கும் எல்லோர்மீதும் ஒன்றுபோல விழுகின்றன. நிலத்தோடு கட்டிய விதியையும் ஆளோடு கட்டிய விதியையும் நாம் இனி தனித்தனியே பேச வேண்டும். நிலத்தோடு கட்டிய விதிக்கு நான் எதிரி அல்லன்.

தென்கரை, நீங்கள் நம் தீவுகளை ஒட்டி ஒரு கற்பனைத் தீவுக்கூட்டத்தை எழுதிவருவதாக முன்பு வேறோர் இழையில் சொல்லியிருந்தீர்கள். அங்கே புயலுக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்? நான் பார்த்த விதிநூல்களில் எல்லாம் புயல் என்பது பார்வைக்குறைவும் வேகக்குறைவும் மட்டுமாகவே இருக்கிறது. இங்கே வளர்ந்த எவருக்கும் அது போதாது.


தென்கரை எழுதியது:

எழுதிவைத்திருக்கிறேன். மூன்று முறை மாற்றி எழுதியும் இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது என்பதால், உங்கள் கருத்தைக் கேட்கவே இங்கே இடுகிறேன்.

பிற நாட்டு விதிநூல்களில் புயல் என்பது வந்துவிட்ட புயல். நமக்குப் புயல் என்பது பெரும்பாலும் வரப்போகிற புயல். முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த படிநிலைகளில், பலத்த காற்று வீசத் தொடங்குவதற்கு ஒன்றரை நாளுக்கும் மேலாக இருக்கும்போதே முதற்படி அறிவிக்கப்படும். நான்காம் படி வரும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகிவிட்டிருக்கும், எவரும் வெளியே இருக்கக் கூடாது. 1960 இன் கரோலையும் 1975 இன் ஜெர்வேஸையும் நம் பெரியவர்கள் நினைவுகூரும்போது, காற்றுக்கு இணையாகக் காத்திருப்பையும் சொல்வார்கள்.

ஆகவே என் விதியில் புயல் நான்கு கட்டங்களாக வருகிறது. கட்டம் மாறும்போது ஒவ்வொரு பாத்திரமும் செய்யக்கூடிய வேலைகள் குறைந்துகொண்டே போகும். முதற்கட்டத்தில் மூன்று வேலை, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் ஒன்று, நான்காம் கட்டத்தில் எதுவும் இல்லை. படகைக் கரையேற்றுவது, கூரையைக் கயிறிட்டுக் கட்டுவது, நீர் சேமிப்பது, மாட்டை மேட்டுநிலத்துக்கு ஓட்டுவது, தனியாக இருக்கும் முதியவரைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து வருவது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வேலை. எல்லாவற்றையும் செய்து முடிக்க எந்தக் குழுவுக்கும் போதாது. எதை விட்டுவிட்டார்களோ அதைப் புயல் எடுத்துக்கொள்ளும். இதில் பகடை மிகக் குறைவு. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாதாடித் தீர்மானிப்பதே முழு ஆட்டமும்.

பிறகு புயலின் கண். மையம் தீவின்மேல் வரும்போது காற்று அடங்கிவிடும், சில நேரம் வானம்கூடத் தெரியும். உள்ளூரில் வாழ்ந்த பாத்திரத்துக்கு இது எதுவென்று பகடையின்றித் தெரியும்: காற்று திரும்ப வரும், இந்த முறை எதிர்த்திசையிலிருந்து வரும், இதுவரை தாங்கிய சுவரின் மறுபக்கத்தை அடிக்கும். வெளியூர்ப் பாத்திரத்துக்கு நடத்துநர் சொல்ல வேண்டியது, "காற்று நின்றுவிட்டது" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. உள்ளூர்ப் பாத்திரம் அந்த நேரத்தில் அருகில் இருக்கிறாரா, அவர் சொல்வதை மற்றவர் நம்புகிறாரா என்பதைப் பொறுத்து உயிர்கள் தப்பும்.

கடலில் இருப்பவர்களுக்குத் தனி விதி. நம் பக்கத்துக் கடலில் புயல் கடிகார முள்ளின் திசையில் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் வலப்பக்கம் இருக்கும். பூமத்தியரேகைக்கு வடக்கே இது நேர்மாறாகும். ஆகவே வடக்குக் கடல்களில் தேர்ந்த மாலுமிப் பாத்திரம் என் தீவுக்கூட்டத்திற்கு வந்தால், தனக்குத் தெரிந்ததை முழு நம்பிக்கையோடு செய்து, கப்பலை நேரே மையத்துக்குள் செலுத்திவிடுவார். அவருடைய திறமைப் புள்ளிகளை நான் குறைக்கவில்லை. அவர் கற்ற இடம் வேறு, அவ்வளவுதான்.


பவளத்திட்டு எழுதியது:

மாலுமியின் விதியை இந்த வாரமே ஆடிப்பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு திருத்தம். வடக்கிலிருந்து வருகிறவர் இங்கே ஒரு பருவம் முழுவதும் ஓட்டிவிட்டால், இடத்தை இரண்டாவதாகப் பெயரிடும் உரிமை அவருக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் "வாழ்ந்த இடம்" என்பதும் பிறப்பைப் போலவே மாற்ற முடியாத முத்திரையாகிவிடும்.

காலத்தையும் மறக்க வேண்டாம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் நாட்காட்டியில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள் உண்டு. அவற்றுக்கு வெளியே எந்த மாதத்திலும் சேராத ஐந்து திருநாட்கள் உண்டு. இறந்தோரை நினைக்கும் நிலவு விருந்து அவற்றில் ஒன்று. பெரும்பாலான மேசைகளில் அந்த நாட்கள் வந்ததே தெரியாமல் போய்விடுகின்றன. அந்த ஐந்து நாளுக்கு மட்டுமாவது ஊருக்கொரு விதி எழுதிப் பாருங்கள்.


விரதக்காரர் எழுதியது:

நாட்காட்டி பற்றிய பேச்சு வந்ததால் என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். தென்கரையின் தீவுக்கூட்டக் குறிப்புகளின் முதல் வரைவை நான் வாசித்திருக்கிறேன். அதில் முழுநிலவுக்கு முன் பத்து நாள் நோன்பிருந்து, அலகு குத்தி, சுமை தூக்கி மலையேறும் ஒரு வழிபாடு வருகிறது. அதை முடிக்கும் பாத்திரத்துக்கு ஒரு மாதத்திற்குத் தாக்குதலில் இரண்டு புள்ளி கூடும் என்று எழுதியிருந்தது.

நான் ஆண்டுதோறும் தைப்பூசத்தில் காவடி எடுப்பவன். அந்த வரி எனக்கு வருத்தம் தந்தது. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை, எழுதியவரின் பக்தியை அறிவேன். ஆயினும் விதிநூல்களில் நம் தெய்வங்கள் நடத்தப்பட்ட முறையை நாம் மறந்துவிடக் கூடாது. 1980 இல் இதே ஆட்டத்துக்காக வந்த டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற நூலில் இந்தியத் தெய்வங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்கள். இந்திரன், அக்கினி, காளி, யமன், கார்த்திகேயர் ஆகியோருக்கு உயிர்ப்புள்ளிகளும், தாக்குதலைத் தடுக்கும் கவச எண்ணும் குறித்திருந்தார்கள். உயிர்ப்புள்ளி எழுதினால் அதன் பொருள், அது தீர்ந்தால் இறப்பு என்பதே. நான் தோளில் சுமக்கும் முருகனுக்கு ஒரு பகடைக் கூட்டத்தால் முடியக்கூடிய எண்ணை எவரோ எழுதிவைத்ததைப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தை என்னால் தொடர்ந்து வாசிக்க இயலவில்லை.

நோன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோன்பு இருக்கட்டும், அதற்குக் கூலி வேண்டாம் என்கிறேன். விரதகாலத்தில் எனக்கு எந்தப் புதிய வலிமையும் வருவதாக நான் எவரிடமும் சொன்னதில்லை. என்ன மாறுகிறதென்றால், சுற்றியிருப்பவர் என்னிடம் நடந்துகொள்ளும் முறை மாறுகிறது. என்முன் மாமிசம் சமைக்கமாட்டார்கள். சண்டையிட வந்தவரும் குரலைத் தாழ்த்துவார். காவடியோடு வரும்போது முன்பின் அறியாத வீட்டார் வாசலில் மஞ்சள் நீரோடு காத்திருப்பார்கள், என் காலில் ஊற்றுவார்கள். இதை விதியாக்க முடியுமா என்று பாருங்கள்.


சலாசிக்காரி எழுதியது:

விரதக்காரர் அண்ணா, நீங்கள் சொன்னது இங்கே தீமிதி இறங்குபவர்களுக்கும் அப்படியே பொருந்தும். என் மாமா பூக்குழியில் இறங்குபவர். அவர் நோன்பில் இருக்கும் நாட்களில் எங்கள் வீடே வேறு மாதிரி நடக்கும், நாங்களும் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். அவருக்கு மட்டும் புள்ளி கூட்டினால் அந்த வீடு முழுவதும் விடுபட்டுப்போகும்.


தென்கரை எழுதியது:

விரதக்காரர் அண்ணா, அந்த வரியை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் எழுதியிருப்பதை இங்கேயே இடுகிறேன், நீங்கள் ஒப்பினால் மட்டுமே அது நூலில் இருக்கும்.

"நோன்பு பூண்ட பாத்திரம் நோன்பு முடியும்வரை உயிர்க்கொலை செய்யாது, மாமிசமும் மதுவும் தொடாது, பொய் சொல்லாது. அதற்கு எந்தப் புள்ளியும் கூடாது, குறையாது. தீவுக்கூட்டத்தில் வாழ்ந்த எவரும் நோன்பாளியைக் கண்டவுடன் அறிந்துகொள்வர். அவர்கள் அவர்மீது முதல் அடியை வைக்கமாட்டார்கள், அவருக்கு நீரும் நிழலும் மறுக்கமாட்டார்கள், அவர் உடனிருக்கும்வரை அவருடைய தோழர்களையும் அவ்வாறே நடத்துவர். நோன்பாளி தானே நோன்பை முறித்தால் இவை அனைத்தும் அந்தக் கணத்தில் நீங்கும். அவர் எதற்காக நோன்பிருக்கிறார் என்பதை ஆட்டக்காரர் மேசையில் சொல்லத் தேவையில்லை, நடத்துநரும் கேட்கலாகாது."

தெய்வங்களைப் பொறுத்தவரை, தீவுக்கூட்டத்தில் வருபவை யாவும் நான் புனைந்தவை. அவற்றில் எதற்கும் எண்கள் இல்லை. நாம் உண்மையில் வணங்கும் எந்தத் தெய்வத்தின் பெயரும் அங்கே வராது. தேவதைகள், பேய்கள், கல்லாக்கும் மலைகள் ஆகியவற்றுக்கு எண்கள் உண்டு, அவற்றோடு மோதலாம்.

பவளத்திட்டின் திருத்தத்தையும் சேர்த்துவிட்டேன்: ஓர் இடத்தில் ஒரு பருவம் முழுவதும் வாழ்ந்து, அங்கே ஒருவரிடமாவது கற்றுக்கொண்ட பாத்திரம் அந்த இடத்தைத் தன் தாளில் இரண்டாவதாக எழுதிக்கொள்ளலாம். முதல் இடத்தை அழிக்க வேண்டியதில்லை.


விரதக்காரர் எழுதியது:

ஒப்புகிறேன். ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றுங்கள். "உயிர்க்கொலை செய்யாது" என்பதோடு நிறுத்தாமல், "தன்பொருட்டுப் பிறர் செய்வதற்கும் இடங்கொடாது" என்று சேருங்கள். இல்லையென்றால் நோன்பாளி முன்னே நடக்க, அவர் மறைவில் நின்று தோழர்கள் அம்பெய்வார்கள்.


இருபதுமுகம் எழுதியது:

அந்தத் திருத்தம் கட்டாயம் வேண்டும். என் மேசையில் அதை முதலில் முயன்று பார்ப்பவர்கள் யார் என்று எனக்கு இப்போதே தெரியும். தென்கரை, "ஒரு பருவம்" என்பதற்கும் அளவு சொல்லிவிடுங்கள். தீவுக்கூட்டத்தில் கார்காலம் எத்தனை மாதம்?


தென்கரை எழுதியது:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். தீவுக்கூட்டத்தில் இரண்டு பருவங்கள்தாம், நம்முடையதைப் போலவே. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கு ஈடான ஆறு மாதம் வெம்மையும் புயலும், மீதி ஆறு மாதம் தென்கிழக்குக் காற்று. இரண்டில் எதை முழுவதும் கடந்தாலும் போதும், ஆனால் கடலோடிகளுக்குப் புயற்பருவம் மட்டுமே கணக்கில் வரும்.